வாசகர் கேள்வி – பதில்: புதுக் குடித்தனமும் பழைய கிணறும்

கேள்வி: கணவரின் இடமாற்றத்தால், கொழும்பு வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் இருந்த நாங்கள், ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த மாமியாரின் கோண்டாவில் வீட்டுக்குக் கடந்த மாதம் குடிவந்தோம். ஒரே கிழமையில் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு பிடித்துவிட்டது. பதினொரு வயது மகள், முழுகினால் தலைமுடி சிக்குப் பிடிக்கிறது என்று அழுகிறாள். நான்கு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கிறேன். “கொதிக்க வைத்தால் போதும், நாங்கள் எல்லாரும் இந்தத் தண்ணீரில்தானே வளர்ந்தோம்” என்கிறார் மாமி. எனக்கு மனம் ஒப்பவில்லை. — ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: உங்கள் மாமி சொல்வதில் பாதி சரி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். மழைநீர் அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்கும்போது கல்லையும் சிறிது கரைத்துக்கொள்வதால்தான் நம் கிணற்றுநீர் கடினநீராக இருக்கிறது. கேத்திலில் படிவது அந்தச் சுண்ணாம்புதான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு தேசிக்காயின் புளியைப் பிழிந்து தண்ணீரோடு கொதிக்க வைத்தால் படிவு கழன்றுவிடும். மகளுக்கும் ஏறக்குறைய அதே வைத்தியந்தான்: கடினநீரில் சவர்க்காரம் நுரைக்காமல் முடியில் பிசுக்காக ஒட்டிக்கொள்வதே சிக்குக்குக் காரணம் என்பதால், கடைசி வாளித் தண்ணீரில் சில துளி தேசிக்காய்ப் புளி விட்டு அலசச் சொல்லுங்கள். கொழும்பையும் தோழிகளையும் விட்டு வந்த பிள்ளைக்கு அழுவதற்கு வேறு காரணங்களும் இருக்கும்; முடிச் சிக்கு அவற்றுள் சொல்ல எளிதானது என்பது என் ஊகம்.

மற்றப் பாதி சரியல்ல. அதுதான் உங்கள் கைக்குழந்தையைத் தொடுகிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் உரமும், மலகூடக் குழிகளிலிருந்து ஊறும் கழிவும் நைத்திரேற்றாக மாறி, நம் வலிகாமப் பகுதியின் பல கிணறுகளில் கலந்திருக்கின்றன. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அது செறிந்துகொண்டே போகும் என்பதால், நீண்ட நேரம் கொதிக்க வைப்பது இந்த விடயத்தில் கெடுதலையே கூட்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கக்கூடும். அப்படி எதையாவது கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாமி வளர்ந்த காலத்தில் தோட்டங்களில் சாணமும் குழையுமே பெரும்பாலும் உரமாக இருந்தன. ஆகவே அவர் பொய் சொல்லவில்லை, அவர் குடித்த நீர்தான் இப்போது கிணற்றில் இல்லை.

பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, நீர் மாதிரியை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள். நைத்திரேற்றையும் மலக்கிருமியையும் குறிப்பாகச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை குழந்தையின் பாலுக்கு மட்டுமாவது நம்பகமான போத்தல் நீரை வாங்குங்கள். ஆறு ஆண்டுகள் ஆள் புழங்காத கிணறு என்பதால், அதற்கு முன்பே ஒருமுறை இறைத்துச் சேறு வாரி, பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் இட்டுவிடுவது முறை. அயல்வீட்டு மலகூடக் குழி உங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடி என்பதையும், சண்டைக்கு அல்ல, தெரிந்துகொள்வதற்காக, ஒருமுறை அளந்து பாருங்கள்.

கேள்வி: வவுனியாவிலிருந்து மாறி வந்து கொக்குவிலில் வீடு வாங்கினோம். முற்றம் முழுவதற்கும் சீமெந்து போட்டால் மாரியில் சேறு மிதிக்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறேன். அம்மா மறுக்கிறார். — ஒரு வாசகர்

பதில்: அம்மாவின் பக்கமே நானும் நிற்கிறேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் ஒன்றுகூட இல்லை. நிலத்தடியில் இருப்பது பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தேங்கி நிற்பது மட்டுமே. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சாட்சி. முற்றம் மூடப்பட்டால் உங்கள் காணியில் பெய்த மழை ஒழுங்கைக்கு ஓடி, அயலவரின் படலையில் போய் நிற்கும், கிணற்றுக்கு வராது. துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊற நேரம் இருந்தது. இன்றைய மோட்டர் ஒரே மூச்சில் இழுப்பதால், மேலே உள்ள நன்னீர் குறைந்து அடியிலுள்ள உவர் ஏறிவரும். ஆகையால் மோட்டரையும் காலையில் சிறிது, மாலையில் சிறிது என்று பிரித்துப் போடுவதே நல்லது.

ஒரு மாரி பொறுங்கள். மழை நின்று ஒரு மணிநேரம் கழித்துக் குடையோடு முற்றத்தில் இறங்கி, தண்ணீர் எங்கெங்கே தேங்கி நிற்கிறது என்று பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு தடி ஊன்றி வையுங்கள். தை பிறந்ததும் அந்தப் பள்ளங்களுக்கு மணல் பறித்து, படலையிலிருந்து விறாந்தைப் படிவரை இரண்டடி அகலத்தில் கல் பதித்த நடைபாதை ஒன்றை மட்டும் அமைத்தால், உங்கள் காலில் சேறு படாது, அம்மாவும் மறுக்கமாட்டார்.