மெக்கில் கவசம், ஆயுதம், குண்டு: எடையை எப்படிப் பிரிப்பது?

மெக்வாரியர் 5 வீடியோ கேமில் 50 டன் மெக் (ஆள் உள்ளே அமர்ந்து ஓட்டும் போர் ரோபோ) ஒன்றில் பெரிய பீரங்கி வைத்தால் கவசம் குறைகிறது, கவசம் ஏற்றினால் குண்டுக்கு எடை மிஞ்சுவதில்லை, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவசத்தை விடாதீர்கள். முதலில் அதை உச்சத்துக்கு அருகே ஏற்றுங்கள், மிஞ்சும் எடைக்குள் ஆயுதம் தேடுங்கள். குறைத்தே ஆக வேண்டுமா? ஆயுதமில்லாத கையிலிருந்தும், அப்புறம் முதுகிலிருந்தும் கொஞ்சம் எடுங்கள். நடு மார்பையும் கால்களையும் தொட வேண்டாம். நடு மார்பு உடைந்தால் மெக்கே போய்விடும்.

ஆயுதத்தின் உண்மையான எடையைப் பாருங்கள். ஆட்டோகேனன் 20 என்ற பெரிய பீரங்கி மட்டுமே 14 டன். அதற்குக் குண்டு 2, 3 டன் சேர்த்தால் மெக்கின் மூன்றில் ஒரு பங்கு ஒரே ஆயுதத்துக்குப் போகிறது. அது இருக்கும் தோள் பறந்தால் அத்தனையும் வீண். மீடியம் லேசர் 1 டன்தான், குண்டும் வேண்டாம். ஆனால் நிறைய அடுக்கினால் சூடு ஏறும், அதைத் தணிக்க வைக்கும் ஹீட் சிங்க் எடையைத் தின்னும். அதனால் ஒரு நடுத்தரப் பீரங்கியும் சில லேசர்களும் கலந்த அமைப்பே எனக்குப் பிடிக்கும். குண்டு தீர்ந்தாலும் சண்டை தொடரும்.

குண்டின் அளவை ஆடித்தான் கண்டுபிடிக்க முடியும். நீளமான மிஷன் முடிந்தும் பாதி மிஞ்சுகிறதென்றால் ஒரு டன்னைக் கழற்றிக் கவசத்துக்குக் கொடுங்கள்.