எலி வளை தோண்டிய மகனுக்குக் காலில் தடிப்புகள்

கேள்வி: ஓசூர் பக்கம் எங்கள் கிராமம். கடலை பிடுங்கிய கொல்லையில் என் மகன் (வயது 14) வெள்ளெலி வளை தோண்டினான். சின்னப் பூச்சிகள் துள்ளி வந்தனவாம். மறுநாள் கணுக்காலைச் சுற்றி வரிசையாகச் சிவந்த தடிப்பு, ஓயாத அரிப்பு. 'பிளேக் வரும்' என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். எங்கள் வீட்டிலும் எலி இருக்கிறது. மருந்து வைக்கலாமா?

பதில்: துள்ளி வந்ததை உங்கள் மகன் கவனித்தது நல்லது, அம்மா. ஊர்ந்தால் உண்ணி, துள்ளினால் தெள்ளுப்பூச்சி. வெள்ளெலியின் மேல் வாழ்வது பெரும்பாலும் 'ஜெனோப்சில்லா' இனத்தைச் சேர்ந்த ஆஸ்டியா. அதன் உறவான கியோப்பிஸ் வீட்டெலியோடு இருப்பது. பிளேக்கைப் பரப்புவதில் பேர்போனது அதுதான். கிருமி பெருகி அதன் குடலின் வாசலை அடைத்துவிடும். பசி அடங்காமல் மறுபடி மறுபடி கடிக்கும். உறிஞ்சிய இரத்தம் கிருமியோடு கடிவாய்க்கே திரும்பும். ஆஸ்டியாவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை.

பக்கத்து வீட்டாரை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். கோலார், ஓசூர் வட்டாரத்து வயல் எலிகளைப் பிளேக்குக்காகப் பல காலமாகவே பிடித்துச் சோதித்து வந்திருக்கிறார்கள். கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்களே இருக்கின்றன. நம் பாட்டன்மார் பட்டது அப்படி. ஆனால் ஒரு கடியால் உடனே பிளேக் வந்துவிடாது.

இப்போதைக்குச் சோப்புப் போட்டுக் கழுவி, காலமைன் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இது வெறும் சுத்தத்துக்காகச் சொல்வதல்ல. எலித்தெள்ளு பரப்பும் டைஃபஸ் காய்ச்சலின் கிருமி அதன் எச்சத்தில் இருக்கும். சொறியும்போதுதான் உள்ளே போகும்.

இரண்டு வாரம் கவனியுங்கள். காய்ச்சல், கடுமையான தலைவலி, மேலில் சிவப்புப் புள்ளிகள், தொடை இடுக்கில் வலியோடு நெறி கட்டுதல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வளை தோண்டியதை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கத் தோன்றாமல் போகலாம். இரண்டு நோய்க்கும் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகள் நன்றாகக் கேட்கும், தாமதிக்காமல் தொடங்கினால். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எலி மருந்தை மட்டும் இன்றைக்கு வைக்காதீர்கள். எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கி அடுத்த சூட்டைத் தேடும். அது பாயில் படுத்திருக்கும் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். முதலில் வளை வாயிலும் எலி ஓடும் தடத்திலும் பூச்சிமருந்துத் தூள். அதன் பிறகே எலி. எந்தத் தூள், எவ்வளவு என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். காரணமில்லாமல் எலிகள் செத்துக் கிடந்தால் தொடாமல் அவருக்கே தகவல் சொல்லுங்கள்.

அன்று அவன் போட்டிருந்த கால்சட்டை இன்னும் கொடியில் தொங்கினால், இப்போதே வெந்நீரில் போடுங்கள்.