முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு மூட்டு அழற்சி) ஆங்கில மருந்தோடு மூலிகை மருந்தும் சேர்த்துச் சாப்பிடலாமா? ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதுமா?

போதாது. வயிற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மருந்துகளுக்குத்தான் இடைவெளி உதவும். இங்கே சிக்கல் கல்லீரலிலும் ரத்தத்திலும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்தாலும் இரண்டும் அங்கே சந்தித்துவிடும்.

மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. முடக்குவாதம் என்பதால் வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட் (இந்த நோயை அடக்கும் முக்கிய மருந்து), அதோடு ஃபோலிக் அமிலம் என்றே வைத்துக்கொள்கிறேன். மெதோட்ரெக்சேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதற்காகத்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மஞ்சள் கேப்சூல், அமுக்கரா, சீந்தில் மூன்றாலும் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. சமையல் மஞ்சளைச் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். மிளகிலிருக்கும் பைப்பரின் என்ற பொருளைச் சேர்த்த குர்குமின் (மஞ்சளின் சாரம்) கேப்சூலைச் சொல்கிறேன். குர்குமின் உடலில் ஏறுவதற்காகப் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அது வேறு சில மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதிமதுரத்தைத் தொட வேண்டாம். ஸ்டீராய்டின் வேலையை அது கூட்டும், பொட்டாசியத்தை இறக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். வலிக்கான மூலிகையாக விற்கும் வில்லோ மரப்பட்டை உடலுக்குள் ஆஸ்பிரினின் உறவுக்காரனாக மாறுவது. வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப் புண், மெதோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் மெதோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில் தாமதம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருந்தால் மஞ்சள், இஞ்சி கேப்சூல்களும் வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு சேர்க்கத்தான் வேண்டும் என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. தொடங்கும் முன் கல்லீரல் என்சைம், ரத்த அணுக்கள், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) என மூன்று ரத்தப் பரிசோதனைகள். நான்கு வாரம் கழித்து அதே மூன்றும். இரண்டை ஒன்றாகத் தொடங்கினால், என்சைம் ஏறும்போது யார் குற்றவாளி என்று தெரியாது. பழி மெதோட்ரெக்சேட் மேல் விழும், அது நின்றுபோகும். சிறுநீர் அடர்நிறமானாலோ கண் மஞ்சளானாலோ மூலிகையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த வார மெதோட்ரெக்சேட்டைப் போடுவதற்கு முன் கேளுங்கள்.

வலி குறைந்ததை வைத்து மட்டும் மெதோட்ரெக்சேட்டைக் குறைக்காதீர்கள். வலி அடங்கியிருக்கும்போதே எலும்பு அரிபட முடியும். வீக்கத்தையும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவையும் பாருங்கள்.

'நூறு சதம் இயற்கை' என்று கொட்டை எழுத்தில் போடுபவர்களுக்கு, எந்தச் சரக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட மட்டும் இடம் இருப்பதில்லை. 2022-ல் ஆர்ட்ரி கிங் என்ற மூட்டுவலி மாத்திரையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் மறைந்திருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டுபிடித்து எச்சரித்தது. மூலிகை மாத்திரை இரண்டே நாளில் வீக்கத்தை வற்றவைத்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி அதற்குள் தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்துவது ஆபத்து. அன்றே டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.