கேள்வி - பதில்: பறக்கும் தட்டும் சாட்சிகளும்

கேள்வி: நிலவுக்குப் போன ஆல்ட்ரினே பறக்கும் தட்டைப் பார்த்ததாகச் சொன்ன பிறகும் சந்தேகமா?

பதில்: அவர் பார்த்தது கூடவே வந்த ஒரு வெளிச்சம். 1969 ஜூலை, அப்போலோ 11 பயணம். கழற்றிவிட்ட ராக்கெட் அடுக்கு எங்கே என்று ஹூஸ்டனில் இருந்த நாசா கட்டுப்பாட்டு மையத்திடம் கேட்டார்கள். 6,000 கடல் மைல் தள்ளி என்று பதில் வந்தது. ஆக, அது இல்லை. நிலவில் இறங்கும் கலத்தை மூடியிருந்த 4 தகடுகளும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. காற்றில்லாத இடத்தில் அவை பின்தங்காது. புரளும்போது வெயில் பட்டு மின்னும். அவற்றில் ஒன்றுதான் என்பது ஆல்ட்ரினின் முடிவு. இந்தப் பின்பாதியை விட்டுவிட்டுத்தான் அவர் பேட்டியைப் பரப்புகிறார்கள். அப்போலோ 14-இல் போன விண்வெளி வீரர் எட்கர் மிட்செல், வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய உண்மையை அரசு மறைக்கிறது என்று அடித்துச் சொன்னவர். ஆனால் தான் எதையும் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

கேள்வி: கடலை ஒட்டிச் சீறிப்பாயும் பொருளை அமெரிக்கக் கடற்படை விமானம் படமெடுத்திருக்கிறதே?

பதில்: ‘கோஃபாஸ்ட்’ வீடியோ. 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனே வெளியிட்டது. திரையிலுள்ள எண்களைப் படியுங்கள். விமானத்தின் உயரம் 25,000 அடி. கேமரா பொருளைப் பிடித்து நிறுத்தியதும்தான் தூரம் தெரிகிறது: 4.4 கடல் மைல், அதாவது சுமார் 26,700 அடி. கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது 26 டிகிரி. அதன் சைன் மதிப்பு 0.438, பெருக்கினால் 11,700 அடி. பொருள் விமானத்துக்கு அவ்வளவு கீழே, அதாவது கடலிலிருந்து ஏறத்தாழ 13,300 அடி உயரத்தில் இருக்கிறது. கடலை ஒட்டி இல்லவே இல்லை! பின்னணியில் கடல் ஓடுவது பெரும்பாலும் விமானத்தின் வேகத்தால். 2023-இல் நாசா குழுவும் கணக்கிட்டது: சுமார் 13,000 அடி உயரம், மணிக்கு 40 மைல் வேகம். அந்த உயரத்துக் காற்றே அந்த வேகத்தில் தள்ளிவிடும். தூரம் தெரியாமல் வேகம் சொல்கிற எந்த வீடியோவையும் நம்பாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் பைலட்டுகள் சொல்வதெல்லாம் பொய்யா?

பதில்: இல்லை. அமெரிக்கக் கடற்படை பைலட்டாக இருந்த டேவிட் ஃப்ரேவர் 2004 நவம்பர் 14 அன்று சான் டியகோ கடற்பகுதியில் இறக்கையில்லாத, 40 அடி நீள வெள்ளைப் பொருளைக் கண்டதாக 2023 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் சத்தியம் செய்து சொன்னார். இரண்டு விமானங்களில் இருந்த 4 பேர் பார்த்தது அது. எளிதில் தள்ள முடியாது. ஆனால் அவர் நேரில் கண்ட காட்சிக்குப் படம் இல்லை. அன்றைய பிரபல வீடியோ, பிறகு கிளம்பிய வேறொரு விமானம் எடுத்தது. அதே விசாரணையில், வேற்றுக்கிரகக் கலங்களை அரசு மறைத்து வைத்திருக்கிறது என்று பேசிய முன்னாள் உளவு அதிகாரி டேவிட் கிரஷ், பிறர் தன்னிடம் சொன்னதைத்தான் சொன்னார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.