மலைச்சரிவில் வெட்டிய புதுச் சைக்கிள் பாதையில் தண்ணீர் தேங்குகிறது, சரளை கொட்டலாமா?

சரளை வேண்டாம். பள்ளப் பக்க விளிம்பை வெட்டித் திறந்துவிடுங்கள், தண்ணீர் தானாக இறங்கிவிடும். சரளை கொட்டினால் அதற்கடியில் தண்ணீர் நிற்கும், சைக்கிள் சக்கரம் ஏறி ஏறிக் கல் சிதறும், அப்புறம் சேறு மறுபடி மேலே வரும்.

மலைச்சரிவில் தன்னார்வலர்கள் வார இறுதியில் வெட்டிய பாதை, முதல் மழையிலேயே நடுவில் குட்டை என்கிறீர்கள். பெரும்பாலும், வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கமே குவித்துவிட்டுப் போயிருப்பார்கள், அது வரப்பு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ஆள் நிறைய வந்தால் இப்படித்தான், எல்லாருக்கும் வெட்டத்தான் ஆசை, மண்ணை அள்ளித் தள்ள யாரும் வரமாட்டார்கள்!

சோதிக்க ஒரு மீட்டர் நேர்க்கம்பு போதும். ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் வைத்து, கம்பைப் பாதைக்குக் குறுக்கே, ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து, கிடைமட்டமாகப் பிடியுங்கள். மறு முனைக்கும் தரைக்கும் நடுவே சுமார் 5 செ.மீ. இடைவெளி, அதாவது 5% சாய்வு, இருக்க வேண்டும். இல்லையென்றால் வரப்பை எடுத்து, மண்ணைச் சரிவில் தள்ளிப் பரப்பி, தடத்தைப் பள்ளப் பக்கம் சாய்த்துக் கெட்டிப்படுத்துங்கள். மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது செய்யுங்கள், கொழகொழவென்று இருந்தால் கெட்டிப்படாது.

ஆனால் அந்த இடம் சமதளமாக இருந்தால் இது உதவாது, தண்ணீர் போக வழியே இருக்காது. தடத்தை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் வழியையே மாற்ற வேண்டும். அதை நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.