கடவுச்சொல் தெரியாத வீட்டுக் கணினியைத் திறப்பது எப்படி?

தண்டையார்பேட்டை வீட்டில் காலஞ்சென்ற அப்பா பயன்படுத்திய விண்டோஸ் 10 கணினியின் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை என்றும், கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஃபார்மட் செய்தால் கணினி திறக்கும். ஆனால் அப்பா சேமித்த படங்களும் ஆவணங்களும் போய்விடும்.

அவர் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாக நுழைந்தவர் என்றால், வேறொரு கைபேசியிலிருந்தே அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் கடவுச்சொல்லை மாற்றலாம். சரிபார்ப்பு எண் பெரும்பாலும் அவருடைய கைபேசிக்கே வரும் என்பதால், அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருப்பதுதான் உங்கள் முதல் வேலை. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கணினிக்குள் மட்டுமே உள்ள கணக்கு என்றால், தவறான கடவுச்சொல்லை ஒருமுறை இட்டதும், பெட்டிக்குக் கீழே கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு தோன்றக்கூடும். அதைத் தொட்டால், கணக்கு தொடங்கியபோது அவர் தேர்ந்தெடுத்த 3 பாதுகாப்புக் கேள்விகள் வரும். முதல் செல்லப்பிராணியின் பெயர், பிறந்த ஊர் போன்றவற்றை அம்மாவோ அத்தையோ சொல்லிவிடுவார்கள்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால், விண்டோஸைப் போன்ற வேறொரு இயங்குதளமான லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கிக் கோப்புகளை வெளி ஹார்டுடிஸ்க்கில் நகலெடுக்கலாம். வட்டில் உள்ளதையெல்லாம் மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மட்டும் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். நகலெடுத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு ஃபார்மட் செய்யக் கொடுங்கள்.