இரண்டு ஆண்டுகளாக ஆசையை அடக்கிவரும் ஒருவர் கேட்கிறார்: ஆசை முழுதும் அற்ற பிறகுதான் ஆத்ம விசாரமா, அதாவது 'நான் யார்' என்ற ஆராய்ச்சியா?

தேவையில்லை. கடைசி ஆசை போகும் வரை விசாரத்தைத் தள்ளிவைத்தால் அது தொடங்கவே தொடங்காது. பகவத் கீதை 2.59 சொல்வது இதுதான்: உண்ணாதிருப்பவனை விட்டு புலன்கள் நாடும் பொருள்கள் விலகும், அவற்றின் மேலுள்ள சுவை விலகாது; பரம்பொருளைக் கண்ட பிறகே சுவையும் போகும்.

இரண்டு ஆண்டுகள் அடக்கியும் ஆசை திரும்ப வருகிறது என்கிறீர்கள். பொருளை மட்டும் விலக்கிவிட்டு, 'எனக்கு ஏதோ குறைகிறது' என்ற எண்ணத்தைத் தொடாமல் விட்டிருக்கலாம். வேர் அங்கேதான் இருக்கிறது. பிருகதாரண்யக உபநிஷதம் (4.4.12) கேட்கிறது: 'இதுவே நான்' என்று ஆத்மாவை அறிந்தவன் எதை விரும்பி, யாருக்காக உடலோடு சேர்ந்து வேக வேண்டும்? இந்த ஒரு மந்திரத்தை விளக்கவே பஞ்சதசி என்ற அத்வைத நூல் தன் ஏழாம் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்குகிறது. பொறுமையாகப் படியுங்கள்; நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் அது.

அடுத்த முறை ஆசை எழும்போது அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது வந்தது தெரிகிறது, தணிந்ததும் தெரிகிறது. அறிகிற நீங்கள் அதனோடு வந்தீர்களா, போனீர்களா? விரும்பியது கிடைக்காவிட்டால் அந்த அறிவில் எது குறையும்? பதிலை மனப்பாடமாகச் சொல்லாமல் அங்கேயே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'நான் வெறும் சாட்சி' என்று சொல்லிக்கொண்டு புலனடக்கத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். சமம் (மன அடக்கம்), தமம் (புலனடக்கம்) இரண்டையும் சங்கரர் விசாரத்துக்கு முன்தகுதியாகவே வைக்கிறார். உங்கள் இரண்டு ஆண்டு உழைப்பு வீண் அல்ல, அதன் மேல்தான் இனி விசாரம் நிற்க வேண்டும்.